தீர்ப்பு கிடைக்கும், வசூல் ஆகுமா?

நமது பில்லின் அடியில் 'வழக்குகள் சென்னை நீதிமன்ற எல்லைக்குட்பட்டவை' என்று அச்சடிக்கிறோம். சரக்கு எந்த ஊருக்குப் போனாலும் வழக்கு நம் ஊரில்தான் என்பது பொருள். இணையதள வியாபாரத்தில் அந்த வரிக்கு மதிப்பு குறைந்துவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். இதை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் விற்பவர் வெளிநாட்டில் இருந்தால்? 2000-ல் பாரிஸ் நீதிமன்றம், நாஜிச் சின்னங்களின் ஏலத்தைப் பிரான்சில் இருப்பவர்கள் பார்க்க முடியாதபடி தடுக்குமாறு அமெரிக்க யாகூ கம்பெனிக்கு உத்தரவிட்டது. தவறினால் நாளொன்றுக்கு 1,00,000 பிராங்க் அபராதம். அந்த உத்தரவை அமெரிக்காவில் அமல்படுத்த முடியாது என்று 2001-ல் கலிபோர்னியா நீதிமன்றம் கூறியது. 2006-ல் மேல்முறையீட்டில் யாகூவின் வழக்கே தள்ளுபடி ஆனது. (அந்த ஏலத்தை யாகூ 2001 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது வேறு விஷயம்.) ஆறு வருடம் இரு நாட்டு வக்கீல்களுக்கும் பீஸ் கட்ட, ஒரு மிக்ஸி வாங்கியவரால் ஆகுமா?

இந்தியாவில் முறையாக விற்கும் அயல்நாட்டு இணையதளங்களுக்கும் 2020 மின்வணிக விதிகள் பொருந்தும். இங்கு வசிக்கும் தொடர்பு அலுவலர் ஒருவரை அவை நியமிக்க வேண்டும். அலுவலர் பதில் சொல்வார், பணத்தை யார் தருவது? நம்மிடம் வாங்கியவர் நேரே கடைக்கு வந்து சண்டை போடலாம். பூட்டிவிட்டு நாம் எங்கே போவோம்? அந்தக் கம்பெனிகள் விற்பனைக்கு ஏற்ற தொகையை இங்கே டெபாசிட் கட்ட வேண்டும் என்று அரசு விதிக்கட்டும். கடை வாடகைக்கு நாம் பத்து மாத அட்வான்ஸ் கட்டவில்லையா?