நீரைக் கண்ணால் அளக்கலாமா?

‘கண்ணால் காண்பதும் பொய்’ என்று நம் முன்னோர் சொன்னதை வெறும் பழமொழியாகவே எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில், எங்கள் ஊர்க் கிணற்றடியில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

என் சித்தப்பா மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன், நீச்சல் அறியாதவன். கிணற்றுப் படியில் நின்றுகொண்டு, “அண்ணே, எவ்வளவு ஆழம் இருக்கும்?” என்று கேட்டான். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். அடியில் கிடந்த கற்கள் மிக அருகில் தெரிந்தன. “4½ அடிதான்டா, உன் கழுத்தளவு. பயப்படாம இறங்கு” என்றேன். இறங்கியவன் மூழ்கினான்! வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் ஓடிவந்து குதித்து அவனைக் கரையேற்றினார். பிறகு ஒரு மூங்கில் கழியை நீருக்குள் இறக்கிக் காட்டினார். நனைந்த அளவு 6 அடி. “தண்ணியைக் கண்ணால அளக்காதே தம்பி, கம்பால அள” என்றார்.

நான் வெட்கித் தலைகுனிந்தேன். ஏனெனில், நான் இயற்பியல் மாணவன்! அவ்வாண்டுதான் ஆய்வகத்தில் நகரும் நுண்ணோக்கியைக் கொண்டு, உண்மை ஆழத்தைத் தோற்ற ஆழத்தால் வகுத்து, நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கியிருந்தேன். 6-ஐ 4½-ஆல் வகுத்தாலும் அதே 1.33 தானே!

காரணம் எளியது. ஒளி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. நீரிலோ 2,25,000 கிலோமீட்டர்தான். இந்த வேக மாற்றத்தால், நீரிலிருந்து சாய்வாக வெளிவரும் கதிர் செங்குத்துக் கோட்டை விட்டு விலகுகிறது. அது நேராகவே வந்தது என்று கண் நம்பிவிடுகிறது. எனவே அடித்தளம் மேலெழுந்து தோன்றுகிறது. நேர் மேலிருந்து நோக்கினால் ஆழத்தில் முக்கால் பங்கே தெரியும். கரையிலிருந்து சாய்வாக நோக்கினால் இன்னும் குறைவாகத் தெரியும். ஈட்டியால் மீன் குத்துவோர், மீன் தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே குறிவைப்பதும் இதனால்தான். அவர்கள் சூத்திரம் படித்தவர்களல்லர். படித்த நானோ அதைப் பயன்படுத்தவில்லை.

‘நீச்சல் கற்றால் போதாதா?’ எனச் சிலர் கேட்கலாம். நீச்சல் தேவைதான். ஆனால், அதைக் கற்கும் முன்பே நீரில் இறங்கும் சிறுவர்கள் எத்தனை பேர்! ஆகவே, ஒளிவிலகல் பாடம் கரும்பலகையோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து. ஒரு நீர்த்தொட்டியும் ஓர் அளவுகோலும் போதும். ஆழத்தை மாணவர்கள் முதலில் கண்ணால் மதிப்பிட்டு எழுதட்டும்; பிறகு அளந்து பார்க்கட்டும். அந்த வேறுபாட்டை அவர்கள் மறக்கமாட்டார்கள். மேலும், கிணற்றுச் சுவரிலும் குளத்துப் படியிலும் அடிமட்டத்திலிருந்து அடிக்கணக்கில் கோடிட்டு எண் எழுதி வைக்கலாம். அதற்கு ஒரு டப்பா வண்ணம் போதுமே!

நண்பர்களே, வருகிற விடுமுறையில் நீங்களும் ஊருக்குச் செல்வீர்கள். உங்கள் தம்பி தங்கையரும் உங்களிடம் ஆழம் கேட்பார்கள். கண்ணை நம்பிப் பதில் சொல்லாதீர்கள். முதலில் ஒரு கழியைத் தேடுங்கள்.