சொந்த லாரியா, வாடகை டிரெய்லரா? போடி ஏலக்காய் லோடை நம்பி இறங்கும் ஓனர் கம் டிரைவர்களுக்கு எது லாபம்?

கடந்த 2025 செப்டம்பர் 22 முதல் லாரிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. டிரெய்லரை இழுக்கும் இன்ஜின் வண்டிக்கும் இந்தக் குறைப்பு உண்டு. வரிக்கு முந்தைய விலை 30 லட்சம் ரூபாய் என்றால், மிச்சம் 3 லட்சம். இதனால், 'வாடகை வண்டி ஓட்டுவதை விட்டுட்டு சொந்தமா வாங்கிடலாமா?' என்ற கேள்வி ஓனர் கம் டிரைவர்களிடம் மறுபடியும் எழுந்திருக்கிறது. போடிநாயக்கனூரில் இதற்குப் பதில் சொல்ல, முதலில் மலையைப் பார்க்க வேண்டும்.

போடிமெட்டில் டிரெய்லர் ஏறுமா?

கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். 40 அடி கண்டெய்னர் மட்டுமே 12 மீட்டர் நீளம். அதை இழுக்கும் டிரெய்லருக்கு இந்த வளைவுகள் சரிப்படாது. அதனால் மலையில் ஓடுவது ஜீப், பிக்-அப், சின்ன லாரிகள்தான். டிரெய்லருக்கு வேலை இருப்பது அடிவாரத்துக்குக் கீழே, தேனி, மதுரை வழியாகத் தூத்துக்குடி துறைமுகம் போகும் சமவெளிப் பாதையில்.

ஏலக்காய் லோடு எப்படிப்பட்டது?

நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், கேரளாவின் புற்றடியிலும் நடக்கிறது. இடுக்கி எஸ்டேட் காய் மலையிறங்கி வருவது இதற்காகத்தான். ஏலக்காய்க்கு எடை குறைவு, மதிப்பு அதிகம். கிலோ 2,000 ரூபாய் என்று வைத்தால் ஒரு டன் 20 லட்சம். ஆக, இதற்குப் பெரிய வண்டி தேவையில்லை. பத்திரமான வண்டிதான் தேவை.

மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். அதே விலைக் கணக்கில் 25 கிலோவைத் தாண்டினாலே போதும், அதாவது ஒரு மூட்டைக்கே பில் தேவைப்படும்.

வாடகைக் கணக்கு எங்கே இடிக்கும்?

ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாத வாடகை நிற்காது. உதாரணத்துக்கு மாத வாடகை 60,000 ரூபாய் என்று வையுங்கள். 10 டிரிப் அடித்தால் டிரிப்புக்கு 6,000. லோடு கிடைக்காமல் 5 டிரிப்தான் என்றால் 12,000. டீசல், டோல், படி, ஏற்றுக்கூலி எல்லாம் இதற்கு மேல்.

ஏலக்காய் அறுவடை பெரும்பாலும் ஆடி, ஆவணியில் தொடங்கி தை வரை. அதன் பிறகு வரத்து குறையும். மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்பட்டால் பாதையே நின்றுவிடும். எனவே ஆண்டு முழுக்க ஒரே வாடகை பேசுவது ஆபத்து. சீசனுக்கு மட்டும் எடுப்பது, அல்லது டிரிப் கணக்கில் பேசுவது பாதுகாப்பு. மேலே போகும்போது அரிசி, காய்கறி, உரம் என ரிட்டர்ன் லோடு இருக்கிறதா என்பதும் முக்கியம். ஒரு பக்கம் காலியாக ஓடினால், மறுபக்கம் கிடைக்கும் வாடகையே இரண்டு பக்க டீசலையும் சுமக்கணும்.

பெர்மிட் யாருடையது?

போடிமெட்டைத் தாண்டினால் கேரளா. தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் பெர்மிட்டை நம்பி அங்கே போக முடியாது. நேஷனல் பெர்மிட்டுக்கு ஆண்டுக் கட்டணம் 16,500 ரூபாய். சாதாரண இரண்டு ஆக்சில் லாரிக்கு 12 வயதைத் தாண்டினால் அது கிடைக்காது. குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. சின்ன பிக்-அப்களுக்கு இது பெரிய வசதி.

அபராதம், விபத்து: யார் தலையில்?

2019 திருத்தச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்ட வைத்தவரும், அனுமதித்தவரும் இதில் சிக்குவார்கள். லோடு ஏற்றச் சொன்னது யார் என்பது எழுத்தில் இல்லாவிட்டால், செக்போஸ்ட்டில் நிற்பது டிரைவர்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 2(30) பிரிவின்படி, குத்தகை ஒப்பந்தத்தில் வண்டி யார் கையில் இருக்கிறதோ அவரே 'உரிமையாளர்' ஆகிறார். அதாவது, வாடகைக்கு எடுத்தவர் விபத்து நடந்த பிறகு 'வண்டி என்னுடையது இல்லை' என்று எளிதில் ஒதுங்க முடியாது.

கையெழுத்து போடும் முன்

* டிரெய்லர் என்றால் இழுக்கும் இன்ஜினுக்கும் பின்பகுதிக்கும் தனித்தனி பதிவு. இரண்டும் இன்சூரன்சில் இருக்கணும்.
* எஃப்சி, பெர்மிட், இன்சூரன்ஸ் முடியும் தேதிகளை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.
* டயர், பிரேக் செலவு யாருடையது? மலைப்பாதையில் பிரேக் சீக்கிரம் தேயும்.
* வண்டி பழுதாகிப் படுத்துட்டா அந்த நாட்களுக்கு வாடகை உண்டா?
* முன்பணம் எப்போது, எவ்வளவு பிடித்தம் போகத் திரும்பும்?

சொந்தமா, வாடகையா?

வருஷம் முழுக்க, இரண்டு பக்கமும் லோடு உறுதியாக இருப்பவருக்கு வரிக்குறைப்புக்குப் பிறகு சொந்த வண்டி கட்டுப்படியாகலாம். சீசனை மட்டும் நம்பியிருப்பவருக்கு 3 லட்சம் மிச்சம் என்பது பெரிதாகத் தெரிந்தாலும், மாசி முதல் ஆனி வரை கட்ட வேண்டிய தவணை அதைத் தின்றுவிடும். அவருக்கு வாடகையே மேல், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கும் வரை.