சில்லைத் திருகிய கை

சென்ற மாதம், காசநோயாற் பீடிக்கப்பட்ட உறவினர் ஒருவரைப் பார்க்க வைத்தியசாலைக்குச் சென்றிருந்தோம். வழக்கமான மருந்துகளுக்கு மசியாத காசம். நாளத்தின் வழியாக அமிக்கசின் ஏற்றிக்கொண்டிருந்தனர். துணைக்கிருந்த தமையனார், பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவோமென்று அஞ்சி, குழாயிலுள்ள சிறு சில்லைத் திருகிவிட்டார். துளி தாரையாயிற்று. தாதி ஓடிவந்து கடிந்துகொண்டார்.

"எப்பிடி ஏத்தினாலும் உள்ளுக்குப் போறது அதே மருந்துதானே?" என்றார் தமையனார். நியாயமான கேள்வியென்றே நாமும் அப்போது எண்ணினோம்.

அடியில் துவாரமுள்ள குடமொன்றை வாசகர் நினைத்துப் பார்க்க. ஒரு வாளி நீரை ஒரேயடியாக ஊற்றினால் மட்டம் விரைந்து உயர்ந்து, விரைந்து தாழும். அதே நீரை நூலாக ஊற்றினால் மட்டம் அவ்வளவு உயராது. ஆயின் நெடுநேரம் நிற்கும். குருதியிலும் அப்படியே. துவாரம், சிறுநீரகம்.

எம்மட்டம் வேண்டுமென்பது மருந்தைப் பொறுத்தது. ஸ்ரெப்ரோமைசினின் இனத்ததாகிய அமிக்கசின் கிருமியைக் கொல்ல உயர்ந்த உச்சம் வேண்டும். ஆதலால் வளர்ந்தோர்க்கு அரைமணி முதல் ஒருமணி நேரத்துள் ஏற்றுவர். மெரோபெனமோ நேர்மாறு. சிறுநீரகம் நலமாயிருப்பின் அதன் அளவு ஏறக்குறைய ஒருமணி நேரத்திற் பாதியாகிவிடும். கிருமியைத் தடுக்கும் எல்லைக்கு மேலே அது எவ்வளவு நேரம் நிற்கிறதென்பதே முக்கியம். அதனால் அரைமணியில் ஏற்றக்கூடியதை மூன்று மணிவரை நீட்டுவதுமுண்டு. (காசக்கிருமி இம்மருந்தைச் சிதைக்கும் நொதியமொன்றை உண்டாக்குவதால், கிளாவுலானிக் அமிலமும் துணைக்குச் செல்லும்.)

தாதி கடிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அமிக்கசின் செவியைக் கெடுக்க வல்லது. அவ்வாறு கெட்ட செவி பெரும்பாலும் மீள்வதில்லை. எனவே மருந்து ஏற்றியபின் குறித்த மணிகளிற் குருதி எடுத்து அளவைக் கணிப்பர். ஒருமணி நேரம் ஏறியதென்று ஏட்டில் எழுதப்பட்டது, உண்மையிற் பத்து நிமிடத்தில் ஏறியிருந்தால் கணக்குப் பிழைக்கும். அடுத்த நாள் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்ற முடிவு அப்பிழையின் மேலேயே நிற்கும். சில்லைத் திருகியவர் இதை எங்ஙனம் அறிவார்? எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

காசநோயாளர் பெரும்பாலோர்க்கு இந்த ஊசிகள் தேவையில்லை, வில்லைகளே போதும். மருந்துக்கு மசியாத காசத்துக்குங்கூட, ஆறுமாத வில்லைச் சிகிச்சையொன்றை உலக சுகாதார நிறுவனம் 2022 இல் விதந்துரைத்தது. அது பொருந்தாத சிலர்க்கே இந்தக் குழாயும் சில்லும்.

போன ஞாயிறு மறுபடியும் போயிருந்தோம். தமையனார் சில்லைத் தொடவில்லை. மருந்து தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தார். தாதி அதை வாங்கித் தமது ஏட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்.