கடலோர ஊரும் மத்தி மீனும்



திருமறையின் அல் அஃராஃப் அத்தியாயத்தில் ஒரு கடலோர ஊரின் வரலாறு வருகிறது. பனீ இஸ்ராயீல்களான அவ்வூராருக்குச் சனிக்கிழமை மீன் பிடிப்பது தடுக்கப்பட்டிருந்தது. அன்றைக்கோ மீன்கள் திரள் திரளாக நீர்மட்டத்திற்கு வரும். மற்ற நாட்களில் வாரா. வெள்ளியன்று வலையை விரித்து வைத்து ஞாயிறன்று அள்ளிக்கொண்டார்கள் என விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். மீறியோர் ஒரு சாரார். தடுத்தோர் மற்றொரு சாரார். வாளாவிருந்தோர் மூன்றாம் சாரார்.

கேரளக் கடலின் மத்தி மீனைப் பற்றிப் படிக்குந்தோறும் இவ்வரலாறே நினைவிற்கு வருகிறது. நம்மவர் சாளை என்றும் அழைக்கும் இம்மீன், ஏழை வீட்டுச் சட்டியை மணக்கச் செய்வது. 2012ஆம் ஆண்டு கேரளக் கரையில் இறங்கிய மத்தி ஏறத்தாழ 4 லட்சம் டன். 2021இல் கிடைத்ததோ 3,297 டன் மட்டுமே என்று கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. 2024இல் அது மீண்டும் லட்சம் டன்னைத் தாண்டியது.

மத்தி இயல்பிலேயே பெருகியும் அருகியும் வரும் மீன். கடல் வெப்பம், மழையின் போக்கு, அது உண்ணும் நுண்ணுயிர்களின் அளவு ஆகியவற்றிற்கேற்ப அதன் பெருக்கம் மாறும். அது அல்லாஹ்வின் ஏற்பாடு. ஆனால், முட்டையிடும் பருவத்தை எட்டாத குஞ்சுகளை வாரியெடுத்துத் தீவன ஆலைகளுக்கு அனுப்புவது மனிதனின் பேராசையன்றோ?

இவ்வெச்சரிக்கை புதியதன்று. மலபார், சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்த 1943லேயே மத்திக் குஞ்சுகளைப் பிடிப்பதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. 2015இல் கேரள அரசு, 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாது என்றது. அது நம் நடுவிரலினும் சற்றே கூடுதலான நீளம்.

கடனில் உழலும் மீனவர்மீது மட்டும் பழி சுமத்துவது நீதியாகாது. மலிவாகக் கிடைக்கிறதென்று குஞ்சு மீனைக் கூறு கூறாக வாங்கும் நமக்கும் அதில் பங்குண்டு. வாங்குவோர் குறைந்தால் பிடிப்போரும் குறைவர்.

சகோதரிகளே! அடுத்த முறை மீன்கூடை வாசலுக்கு வரும்போது, விலை கேட்குமுன் மீனின் நீளத்தைப் பாருங்கள். விரலளவினும் சிறியதாயின், வேண்டாமென்று இன்முகத்தோடு காரணத்தைச் சொல்லித் திருப்பியனுப்புங்கள். கடல் நமக்கு அருட்கொடை மட்டுமன்று. பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டிய அமானிதமும் ஆகும்.

அக்கடலோர ஊரின் மூன்று சாராருள் நாம் எச்சாரார்? சிந்திப்போமாக! வஸ்ஸலாம்.