முரளியின் பெருமையில் எமக்கு எத்தனை சதவீதம்?

2017 மே 12 ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்கள் முன் உரையாற்றினார். இந்த மண் உலகுக்குத் தந்தவர்கள் என்று இருவரை அவர் அங்கு நினைவுகூர்ந்தார். ஒருவர் எம்.ஜி.ஆர்.; மற்றவர் முத்தையா முரளிதரன். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். நூறாண்டுகளுக்கு மேலாக 'கூலி' என்ற ஒரே சொல்லால் அழைக்கப்பட்ட சமூகம், தன்னுடையவர் என்று சொல்லிக்கொள்ள ஒரு பெயர் கிடைத்தால் மகிழத்தான் செய்யும். அதைக் குறைகூற நான் வரவில்லை.

ஆனால் அந்த மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயரைத் தாங்கிய விளையாட்டு மைதானம் அது. வெளியுலகம் அதனைத் தொலைக்காட்சியில் கண்ட நாட்கள் இரண்டு. ஒன்று, மோடி வந்த நாள். மற்றையது, 2020 மே 31 இல் ஆறுமுகன் தொண்டமானின் பூதவுடல் அங்கு தகனம் செய்யப்பட்ட நாள். இரண்டு நாட்களிலும் அங்கே பந்து உருளவில்லை. மலையகத்தில் மைதானம் என்பது முதலில் மேடைக்கும் பின்னர் ஹெலிகொப்டருக்கும் உரியது. மிச்சம் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு.

முரளியைத் தந்தது மலையகம் என்கிறோமே, உண்மையில் நாம் அவருக்கு எதைத் தந்தோம்?

இந்தக் கேள்விக்கு உணர்ச்சிவசப்படாமல் விடைகாண ஓர் அளவுகோல் உண்டு. அது உதைபந்தாட்ட உலகில் இருக்கிறது. பல்கேரியாவின் பிளாகோயெவ்கிராட் என்ற ஊரில் 1981 இல் பிறந்தவர் டிமிதார் பெர்பட்டோவ். லயன்களில் பிரீமியர் லீக் ஆட்டங்களுக்காகக் கண்விழிக்கும் எமது பையன்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஊரிலிருந்த பிரின் கழகத்தில் ஆடத் தொடங்கினார். அங்கிருந்து தலைநகரின் சி.எஸ்.கே.ஏ. சோபியாவுக்கும், 2001 இல் ஜெர்மனியின் பயேர் லெவர்குசனுக்கும், 2006 இல் ஏறத்தாழ 11 மில்லியன் பவுணுக்கு லண்டனின் டொட்டன்ஹாமுக்கும் போனார். 2008 இல் 30 மில்லியன் பவுணுக்கு மேல் கொடுத்து மான்செஸ்டர் யுனைட்டட் அவரை வாங்கியது. 2010-11 பருவத்தில் 20 கோல்களுடன் கார்லோஸ் டெவெசுடன் இணைந்து லீக்கின் முதன்மைக் கோலடிப்பாளரானார். 2017 இல், 36 வயதில், கொச்சிக்கு வந்து கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கும் ஆடினார்.

பெர்பட்டோவின் திறமை கடவுள் கொடுத்ததாக இருக்கட்டும். ஆனால் அவர் ஏறிய படிகள் கடவுள் கட்டியவை அல்ல. முதற்படி சொந்த ஊரிலேயே இருந்தது. மைதானமும் பயிற்றுநரும் பதிவும் உள்ள ஒரு கழகம் அது. பல்கேரியா செல்வந்த நாடு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் மிக வறிய நாடுகளில் ஒன்று. அப்படியிருந்தும் அந்தப் படியை அது வைத்திருந்தது.

அளவுகோல் என்று சொன்னது இனித்தான் வருகிறது. 2001 முதல் ஃபீஃபாவிடம் ஒரு விதி உண்டு. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம், அவரை 12 வயதுக்கும் 23 வயதுக்கும் இடையில் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பங்கிடப்பட வேண்டும். எங்கே பிறந்தார், பாட்டன் யார், என்ன மொழி பேசினார் என்று அவ்விதி கேட்பதில்லை. அந்த வயதில் அவருக்குப் பந்தையும் மைதானத்தையும் கொடுத்தது யார் என்று மட்டுமே கேட்கிறது.

இந்த அளவுகோலை முரளியின் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். பாட்டனார் 1920 இல் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தார். பின்னர் மகள்மாருடன் திருச்சிக்குத் திரும்பிவிட்டார். இங்கேயே தங்கிய மகன்களில் ஒருவரான முத்தையா கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். அவரது மகன் படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். மிதவேகப் பந்துவீச்சாளராக இருந்த சிறுவனை 14 வயதில் சுழற்பந்துக்கு மாற்றியவர் அங்கு பயிற்றுநராயிருந்த சுனில் பெர்னாண்டோ. 1992 இல் டெஸ்ட் அறிமுகம். 1999 இல் லங்காஷயருக்கு ஆடப்போய் முதற் பருவத்திலேயே 66 விக்கெட்டுகள். பின்னர் கென்ட், குளோஸ்டஷயர், சென்னை, கொச்சி, பெங்களூர். 2010 ஜூலை 22 இல் காலியில் 800 ஆவது டெஸ்ட் விக்கெட்.

12 முதல் 23 வரையான அந்த ஆண்டுகளில் எந்தத் தோட்டத்து மைதானம் வருகிறது? எந்தத் தொழிற்சங்கம் வருகிறது? எந்தப் பெருந்தோட்டக் கம்பனி வருகிறது? பிஸ்கட் தொழிற்சாலை வருகிறது. கண்டிப் பிரதேசத்தின் பெயர்பெற்ற கல்லூரி வருகிறது. இரத்த உறவால் முரளி எம்மவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து சதவீதக் கணக்கில் மலையகத் தலைமைகளின் பங்கு பூச்சியம். தோட்டத்திலிருந்து வெளியேற முடிந்ததால்தான் அந்தக் குடும்பத்தில் ஒரு முரளி சாத்தியமானார் என்பதே கசப்பான உண்மை.

"மலைநாட்டில் சமநிலம் ஏது? மைதானம் எங்கே போடுவது?" என்று கேட்பார்கள். தோட்ட நிர்வாகங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் சாட்டு இது. டிக்கோயாவில் தரவளைக்குப் போய்ப் பாருங்கள். துரைமாரின் கழகமும் அதன் பச்சைப் புல்வெளியும் தெரியும். நானுஓயாவுக்கு அருகே ரதல்லவில் வெளிநாட்டு கிரிக்கெட் அணிகளே வந்து ஆடிய மைதானம் இருக்கிறது. நுவரெலியாவில் 1889 இல் தொடங்கிய கோல்ஃப் கழகத்துக்கு 18 குழிகள் கொண்ட திடல் உண்டு. குதிரைப் பந்தயத் திடலும் உண்டு. துரைமாருக்கு என்றபோது மட்டும் மலை எப்படிச் சமநிலமாயிற்று? அந்த மண்ணை வெட்டிச் சுமந்து நிரவிய கைகள் எவருடையவை? அதே தோட்டத்துத் தொழிலாளியின் பிள்ளை இன்றும் லயத்து வாசலிலும் பிரட்டுக் களத்திலும் ஆடுகிறது. ஓங்கி உதைத்த பந்து பள்ளத்துத் தேயிலைக்குள் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். சர்வதேச அளவிலான உதைபந்தாட்டத் திடல் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்டது. ஏறத்தாழ 282 பேர்ச்சஸ், அதாவது ஒன்றேமுக்கால் ஏக்கர். நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்புள்ள தோட்டத்தில் ஒன்றேமுக்கால் ஏக்கர் இல்லையா? அந்த நிலம் கம்பனிகளின் பரம்பரைச் சொத்தும் அல்ல. 1970 களில் நாட்டுடைமையாக்கப்பட்டு, 1990 களில் 53 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்ட அரச நிலம். குத்தகைக்காரரிடம் ஒரு துண்டைத் திருப்பிக் கேட்க அரசாங்கத்துக்கு வலுவில்லை என்றால், அது நிலத்தின் குறையல்ல.

இன்னொரு மறுப்பும் வரும். "வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் நிலம் கிடைப்பதே பெரும்பாடு. நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்வதற்கு எத்தனை போராட்டம்! இதற்குள் மைதானம் கேட்கிறீரே?" நியாயமான கேள்வி. ஒரு திடலின் நிலத்தில் 40 குடும்பங்களுக்குத் தலா 7 பேர்ச்சஸ் கொடுத்துவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் வீட்டையும் மைதானத்தையும் ஒன்றோடொன்று மோதவிடுவது ஆள்வோருக்கு வசதியான தந்திரம். இரண்டும் சேர்ந்தால்கூட அந்த ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரு மூலைக்குக் காணாது. பிந்திய சம்பளத்தை நிலுவையோடு வாங்கலாம்; 12 வயதை நிலுவையோடு எவரும் வாங்க முடியாது. அந்த வயதில்தான் எமது பிள்ளைகளில் பலர் பாடசாலையை விட்டு, கொழும்பில் கடைச் சிப்பந்திகளாகவும் வீட்டு வேலையாட்களாகவும் போய்ச் சேர்கிறார்கள்.

வெளிநாட்டில் ஆடுவதற்குக் காலும் கையும் மட்டும் போதாது, கடவுச்சீட்டும் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்டுமந்தையைப் போலப் பிரித்தது. எஞ்சியோரின் பிரச்சினை தீர 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 55 ஆண்டுகளில் எத்தனை முரளிகள், எத்தனை பெர்பட்டோவ்கள் கொழுந்துக் கூடையோடும் கவ்வாத்துக் கத்தியோடும் மண்ணோடு மண்ணானார்கள் என்பதை எவர் எண்ணினார்?

தமிழகத்து, புலம்பெயர் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 இல் '800' திரைப்பட விவகாரத்தில் முரளியைத் தமிழினத் துரோகி என்றீர்கள். விஜய் சேதுபதி விலகினார். போர் முடிந்ததைப் பற்றி 2019 இல் முரளி பேசிய பேச்சு எனக்கும் உவப்பானதல்ல. அதனை விமர்சிக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் வன்செயல்கள் தமது குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை என்றும், தாம் தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர் என்றும் அவர் அறிக்கை விட்டபோது, அந்தத் தோட்டத் தொழிலாளர் யார் என்று தேடிப் படித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? புகழவும் இகழவும் மட்டும் முரளி வேண்டும். அவர் பாட்டனின் லயம் யாருக்கும் வேண்டாம்.

என் தொழிலையும் நான் விட்டுவைக்கக் கூடாது. தேர்தல் நெருங்கும்போதெல்லாம் அரசியல்வாதிகள் இளைஞர் மன்றங்களுக்குப் பந்தும் சட்டையும் வழங்கும் படங்களைப் பத்திரிகையில் போட்டவர்களில் நானும் ஒருவன். படத்துக்குக் கீழே எழுதிய வாசகங்கள்கூட எனக்கு மனப்பாடம். அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பந்து எங்கே ஆடப்பட்டது என்று ஒருநாளாவது போய்க் கேட்டேனா? இல்லை. அந்தப் படங்களுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை மைதானம் இல்லாத தோட்டங்களின் பட்டியலுக்குக் கொடுத்திருந்தால், எழுதுவதற்கு இன்று எனக்கு இத்தனை வெட்கம் இருந்திராது.

ஆகவே மலையகத் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை மேடையேறி முரளியின் பெயரைச் சொல்லுமுன், நீங்கள் நிற்கும் அந்த மைதானத்தில் கடந்த மாதம் எத்தனை நாட்கள் பிள்ளைகள் ஆடினார்கள் என்று கேட்டறிந்து, அதனையும் ஒலிவாங்கியில் சொல்லுங்கள். தோட்டத்துக்கு ஒன்றேமுக்கால் ஏக்கர், பதிவுள்ள ஒரு கழகம், சம்பளத்துக்கு ஒரு பயிற்றுநர்: இவற்றைக் கூட்டுப் பேச்சுவார்த்தை மேசையில் வையுங்கள். அதன் பிறகு ஒரு பிள்ளை உலகத்துக்குப் போனால், ஐந்து சதவீதமென்ன, முழுப் பெருமையையும் நாமே எடுத்துக்கொள்வோம்.