ஓசிப் பயணமா, கூலி இல்லாத வேலையா?

"அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்கலாம், தினமும் கொஞ்ச நேரம் வாட்டர்கலர் சொல்லிக்கொடுத்தால் போதும், அறையும் சாப்பாடும் இலவசம்." இப்படி ஒரு அழைப்பு வந்தால் எந்த ஓவியருக்கும் கண் விரியும். விரியட்டும் என்றுதான் அப்படி எழுதுகிறார்கள்.

குவீன் மேரி 2 கப்பலை எடுத்துக்கொள்வோம். 2004-ல் ஓட ஆரம்பித்தது. சவுத்தாம்டனிலிருந்து நியூயார்க் போக வழக்கமாக 7 இரவுகள். நடுவில் இறங்கிச் சுற்றிப்பார்க்க ஓர் ஊர் கிடையாது. போதாக்குறைக்கு, மேற்கே போகும்போது 5 இரவுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அன்றைக்கெல்லாம் நாளுக்கு 25 மணி நேரம்! சுமார் 2,700 பயணிகளை இத்தனை நேரமும் சலிப்படையாமல் வைத்திருக்க வேண்டும். தினம் ஒரு தீவில் நிற்கும் கரீபியன் கப்பலில் ஓவிய வகுப்பு என்பது ஊறுகாய். கடலைக் கடக்கும் கப்பலில் அது சோறு.

அந்தச் சோற்றை ஆக்குகிறவருக்கு என்ன தருகிறார்கள்? பல கப்பல்களில் 'விருந்தினர் ஆசிரியர்' என்று ஒரு பெயர் வைத்து, ஓர் அறையும் சாப்பாடும் கொடுத்து, கூட ஒருவரை அழைத்துவரவும் அனுமதிக்கிறார்கள். சம்பளம் கிடையாது. துறைமுகம் வரை போகும் விமானச் செலவு பெரும்பாலும் அவரவர் பாடு. இந்த வாய்ப்பை வாங்கித்தரும் ஏஜென்ட்டுகளில் சிலர், ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஓவியரிடமே கட்டணம் வாங்குகிறார்கள். வேலை செய்கிறவர் காசு கொடுக்கிறார்! (இதைப் பற்றில் எழுதுவதா, வரவில் எழுதுவதா?)

"அந்த அறைக்கு வாடகை எவ்வளவு தெரியுமா? அதுதான் சம்பளம்" என்று வாதாடுவார்கள். பி.காம். முதல் வருடத்திலேயே உடையும் வாதம் இது. கப்பல் கிளம்பிய பிறகு காலியாகக் கிடக்கும் அறை, படம் ஓடி முடிந்த பிறகு மிஞ்சிய சினிமா டிக்கெட் மாதிரி. அதை ஒருவருக்குக் கொடுப்பதால் கப்பலுக்கு ஆகும் கூடுதல் செலவு சாப்பாடும் படுக்கை விரிப்பும்தான். ஆனால் ஓவியர் கொடுப்பது அவருடைய ஒரு வார வருமானம். ஒருவர் கழிவு விலையில் கொடுத்துவிட்டு முழு விலைக்குக் கணக்கு எழுதுகிறார், இன்னொருவர் முழு விலையும் கொடுத்துவிட்டு நன்றி சொல்கிறார். இதற்குப் பெயர் பண்டமாற்றாம்.

அதே கப்பலில் பியானோ வாசிப்பவருக்குச் சம்பளம் உண்டு, நடனம் ஆடுகிறவருக்கும் உண்டு. படம் வரையச் சொல்லித்தருவது மட்டும் பொழுதுபோக்கு! இத்தனைக்கும் ஓவியத்துக்குக் கடலில் மதிப்பில்லாமல் இல்லை. பல உல்லாசக் கப்பல்களில் ஷாம்பெயின் ஊற்றிக்கொடுத்து ஓவிய ஏலம் நடக்கிறது, அதில் கப்பல் நிறுவனத்துக்கும் பங்கு போகிறது. சில கப்பல்களில் ஓவிய வகுப்புக்கு வரும் பயணிகளிடம் தாள், வண்ணப் பெட்டிக்குத் தனிக் காசும் வாங்குகிறார்கள். பெட்டிக்கு விலை உண்டு, சொல்லித்தரும் கைக்குத்தான் இல்லை.

சட்டமாவது கைகொடுக்குமா? கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-ல் நிறைவேறி 2013-ல் அமலுக்கு வந்தது. யார் 'கடல் தொழிலாளி' என்பதில் சந்தேகம் வந்தால், அந்தந்த நாட்டு அதிகாரிகளே முடிவுசெய்யலாம் என்று அதில் இருக்கிறது. ஒரு வாரம் வந்து போகும் 'விருந்தினர்' எந்தப் பக்கம் விழுவார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

"ஓய்வுபெற்றவர்கள் சந்தோஷமாகத்தானே போகிறார்கள்?" போகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் பென்ஷன் வாங்குகிறவர் இலவசமாகச் செய்யும்போது, வகுப்பெடுத்து வாடகை கட்டும் இருபத்தைந்து வயது ஓவியருக்கு அந்தக் கதவு மூடிவிடுகிறது. மேஜை ஆடும்போது, தண்ணீர்க் கிண்ணம் நழுவும்போது, பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தூரிகையே தொடாத முப்பது பேருக்கு, கடலுக்கு நீலம் மட்டும் போதாது, சாம்பலும் பச்சையும் கலக்க வேண்டும் என்று பொறுமையாகக் காட்டுவது வேலை இல்லையென்றால் எதுதான் வேலை? அந்த முப்பது பேரும் வகுப்புக்கு ஆளுக்கு 5 டாலர் கொடுத்தால், ஆறு வகுப்புக்கு 900 டாலர். அதே பயணிகளிடம் ஒரு காக்டெயிலுக்கு அதைவிட அதிகம் வாங்கும் கப்பலுக்கு இந்தக் கணக்கு தெரியாதா என்ன?