ஒரே புகை, வேறு வேறு நெஞ்சு

"ஒரே அடுப்படியிலதானே நாங்களும் நிக்கிறோம், உனக்கு மட்டும் என்ன இழுப்பு?" எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு வீடுகளில் இளம் மருமகள்கள் வாங்குகிற பேச்சு இது.

சகோதரிகளே, அது சாக்குப்போக்கு அல்ல. எனக்கு எந்தப் புகையும் ஒன்றும் செய்யாது. என் தங்கை மகளுக்கு ஊதுபத்தியே போதும். ஆஸ்துமா உள்ளவருக்குக் கொஞ்சம் புகைக்கே மூச்சுக்குழாய் சுருங்கி, உள்ளே வீங்கி, சளி கட்டிக்கொள்ளும். இழுத்த மூச்சை வெளியே விடத்தான் திண்டாட்டம். குழந்தைகளுக்கு நுரையீரல் இன்னும் வளர்கிற பருவம், மூச்சுக்குழாயும் குறுகல்.

2016-ல் உஜ்வலா திட்டம் வந்த பிறகு எத்தனையோ வீடுகளுக்கு காஸ் வந்துவிட்டது. ஆனாலும் வெந்நீருக்குத் தென்னை மட்டைதானே எரிக்கிறோம்! அந்த அடுப்பை முற்றத்துக்கு மாற்றுங்கள். ஈர மட்டை வேண்டவே வேண்டாம். மிளகாய் வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இழுப்பு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு குழாயில் ஊதச் சொல்லி, முதல் விநாடியில் எவ்வளவு காற்று வருகிறது என்று பார்ப்பார். நல்லா இருக்கிற நாளில் ஊதினால் சரியாகவே காட்டலாம். அதை வைத்து 'ஒண்ணுமில்லை' என்று விட்டுவிடாதீர்கள். இன்ஹேலர் கொடுத்தால், பழக்கமாகிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். மருமகள் அதை ஒளித்து வைத்து எடுக்கிற நிலைமைக்கு மட்டும் ஆளாக்கிவிடாதீர்கள்.